யூசுப் பாய் அளந்த உயரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரைப்பேட்டையில் என் வீட்டு வாசலில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். என்ஜினுக்குக் கீழே இருக்கிற தகட்டில் ஒரு போல்ட் தளர்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் மனைவி கஸ்தூரி கைப்பேசியோடு வந்து நின்றாள். "மும்தாஜோட தம்பி பேசினாருங்க. யூசுப் பாய் தவறிட்டாராம்" என்றாள். "எந்த யூசுப்?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு யூசுப்பைத்தான் தெரியும், மும்தாஜின் கணவர்.

விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது. என்னைவிட இரண்டு வயது சின்னவர். பழவேற்காட்டில் அவர் தெருவுக்கு நாங்கள் போனபோது முனையிலிருந்தே, ஞாயிறுதோறும் மண் பாதைகளில் சுற்றுகிற நம் குழுவின் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மதியத் தொழுகை முடிந்து அடக்கம். அவரைச் சுமந்த சந்தூக்குக்கு நாம் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தோம்.

அவரைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "தாமு அண்ணன்தான் பாய்கூட ரொம்ப நாள் பழக்கம்" என்றீர்கள். பழக்கம் உண்மைதான். அவரை என் வீட்டு வாசலில் நிற்கவைத்துக் கத்தி அனுப்பிய ஆளும் நான்தான். அது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நல்லதை மட்டும் எழுதி மாலை போட்டுவிட்டுப் போக எனக்கு வராது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் அவரும் நானும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். எனக்குத் தரப் பரிசோதனை. காலையிலிருந்து மாலைவரை கையில் அளவுகருவி. ஒரு வார்ப்பு அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அவருக்குப் பராமரிப்பு. இயந்திரம் நின்றுவிட்டால் எல்லோரும் ஓடுவோம், அவர் மட்டும் நடந்து வருவார். வந்தவுடன் இயந்திரத்தைத் தொடவும் மாட்டார். அதை ஓட்டுகிறவரிடம் போய் நின்று, "நிக்கறதுக்கு முன்னால இன்னா சத்தம் வந்துச்சு, சொல்லு" என்பார். அந்த ஆள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். அவசரக்காரனான எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் வண்டி வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு கஸ்தூரியும் நானும் பைக்கில் கிளம்புவோம். நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே மலையடிவார மண் பாதைகளில் சுற்றிவிட்டு வருவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஞாயிறுகள்தான் எங்களுக்கு எல்லாமும். பிறகு அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது. பைக்கில் ஏறி உட்கார முடியாமல் போயிற்று. ஒன்றரை வருடம் நான் மட்டும் போய்வந்தேன். பேச ஆள் இல்லாத பாதையில் என்ன சுகம்? அவள் மறுபடி என்னோடு வரவேண்டும் என்பதற்காகவே பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் வாரமே வந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "இப்பத்தான் முன்னாடி இன்னா கீதுன்னே தெரியுது. இத்தினி வருசம் உங்க முதுகத்தான் பாத்துக்கினு வந்தேன்" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்? நாலு வீடியோ பார்த்துவிட்டு, வண்டியில் செய்யவேண்டிய பதினான்கு மாற்றங்களை எழுதிக்கொண்டு யூசுப் பாயிடம் போனேன். உயரத்தைக் கூட்டுவது, பெரிய டயர், இரும்பு பம்பர், கூரைமேல் சாமான் சட்டம், கூடுதல் விளக்கு என்று போகும் அந்தப் பட்டியல். ஆலை கேன்டீனில் உட்கார்ந்து முழுவதையும் நிதானமாகப் படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். "ஒரு வருசம் அப்டியே ஓட்டுணே. இன்னா வோணும்னு வண்டியே சொல்லும்" என்றார்.

"வண்டி பேசுமா பாய்?"

"பேச வெக்கலாம். ஞாயித்துக்கெழம பழைய துணி போட்டுக்கினு வா."

அந்த ஞாயிறு எனக்கு நடந்தது உங்கள் ஒவ்வொருவருக்கும் நடந்திருக்கும். ஒரு வாளிச் சுண்ணாம்பு, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பழைய மட்டை. சைலன்சர் பக்கமும் பிரேக் பக்கமும் போகாமல், வண்டியின் அடிப்பாகம் முழுக்க என்னையே வெள்ளையடிக்க வைத்தார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா பாய், வண்டிக்குப் பொங்கலா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. காய்ந்த பிறகு ஆரணியாற்றங்கரை மேடுபள்ளத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டவிட்டார். பிறகு கோணியை விரித்து, அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னார். அடிபட்டு வெள்ளை உரிந்திருந்தது மூன்றே இடத்தில்தான்: என்ஜின் அடித்தகட்டின் முன் விளிம்பு, இடது கதவுக்குக் கீழே இருக்கிற சட்டம், பின் பம்பரின் மூலை. "மொத எடத்துக்குக் கெட்டியா ஒரு தகடு போடு. ரெண்டாவதுக்கு, கல்லு எங்க கீதுன்னு எறங்கிப் பாத்துட்டு ஓட்டு. மூணாவது, வண்டி தப்பில்ல, நீ அவசரமா எறங்கின. அவசரத்துக்கு எந்தக் கடையிலயும் சாமான் விக்கல" என்றார். சாயந்தரமே அந்தச் சுண்ணாம்பைப் பொட்டு விடாமல் கழுவவைத்துவிட்டுத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொன்னது கொஞ்சம்தான். டயர் நல்லதாக இருக்கட்டும், ஆனால் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கட்டும். மணலில் இறங்குமுன் காற்றைக் குறை, தார்ச்சாலையில் ஏறுமுன் நிரப்பு. கயிறு மாட்டுகிற கொக்கி வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்ததா என்று பார். பம்பரில் மாட்டி இழுத்தால் பம்பர்தான் வரும். ஒற்றை வண்டியாகப் போகாதே. ஒரு மண்வெட்டி வை. புதைந்த வண்டியை வெளியே எடுக்க முதலில் என்ன வாங்கவேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, "டீ வாங்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்க்கில் இருக்கிற டீயைக் குடித்து முடிக்கிறவரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது. மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் போகும் என்பது அவர் கணக்கு.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே தடவை. வெளியூரிலிருந்து வந்த ஐந்தாறு வண்டிக்காரர்கள் பழவேற்காடு ஏரிச் சேற்றில் இறங்கிப் படம் எடுக்கவேண்டும் என்று நின்றார்கள். தண்ணீர் வற்றிய ஓரம், பார்க்க விளையாட்டுத் திடல் போலத்தான் இருந்தது. யூசுப் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். "அந்தாண்ட பொம்பளைங்க கையால தடவித் தடவி எறா புடிச்சிக்கினு கீறாங்க. உன் டயரு ஒரு தபா போனா அந்தச் சேறு மறுபடி சேறா ஆவ எவ்ளோ நாளாவும் தெரியுமா? வண்டி போவும்ங்கறதுக்காவ போற எடமா இது?" என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். பிறகு அவர்களையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

என் பட்டியலுக்கு வருகிறேன். ஒரு வருடம் என்று சொன்னாரா, ஆறு மாதம் பொறுத்தேன். நம் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கொட்டகைக்குப் போனாலும் தெரிந்த ஆள் இருப்பார். லேத்தில் ஒருவர், வெல்டிங்கில் ஒருவர், பெயின்டில் ஒருவர். மற்ற ஊர்க்காரர்கள் கடையில் வாங்கி மாட்டுவதை நாம் எட்டு மில்லித் தகட்டில் செய்துகொள்வோம். நானும் லேத்தில் கடைந்த வளையங்களைச் சுருள்வில்லுக்கு மேலே வைத்து வண்டியை உயர்த்தினேன். பெரிய டயர் போட்டேன். பம்பர் செய்து கொடுத்த நண்பர் இரும்பில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அதை மாட்டியதும் உயர்த்திய முன்பக்கம் பாதி இறங்கிவிட்டது. சரி என்று இன்னும் உயரமாக இரண்டு வளையம் கடைந்தேன். இப்படிப் புத்தி போகும். குழுவில் படம் போட்டதும் நீங்கள் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யூசுப் பாய் மட்டும், "ஹெட்லைட்டு வானத்தப் பாக்குது, சரி பண்ணு. பிரேக்கு முன்ன மாரி புடிக்காது, பாத்து ஓட்டு. ஆர்.டி.ஓ. ஆபீசுல கேட்டியா?" என்று அனுப்பியிருந்தார். நான் பதில் போடவில்லை.

அடுத்த ஞாயிறு கஸ்தூரி பிளாஸ்டிக் முக்காலி போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதற்கடுத்த தடவை தலைவலி என்றாள். பிறகு வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். நான் நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நாலு மாதம் உங்களோடு நான் மட்டும்தான் வந்தேன்.

பொதட்டூர்பேட்டையைத் தாண்டி மலையடியில் ஒரு நாள் காலை நாஷ்டாவுக்கு நிறுத்தினோமே, நினைவிருக்கிறதா? அன்று தண்ணீர் எடுக்க யூசுப் பாய் என் வண்டியின் இடது கதவைத் திறந்தார். இருக்கைமேல் கயிறும் சங்கிலியும் டூல்ஸ் பெட்டியும் குவிந்திருந்தன. வைத்து வைத்து இருக்கைத் துணியில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

"அண்ணி எங்கணே? ஆளையே காணோம்" என்று கேட்டார்.

"அவளுக்கு இதுல இன்ட்ரஸ்ட் போயிடுச்சு பாய்."

அவர் இட்லித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இருக்கையையே பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மும்தாஜைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை இறால். கஸ்தூரியும் மும்தாஜும் பேசிக்கொண்டே இறாலை உரித்துக் குழம்பை அடுப்பில் ஏற்றுகிறவரை சும்மா இருந்தார். பிறகு, "அண்ணி, ஒரு தபா வண்டில ஏறுங்களேன், எனக்கு ஒண்ணு பாக்கணும்" என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். முக்காலியை எடுக்கப் போனாள். "அது வோணாம். கால் எவ்ளோ தூக்க வருதோ அவ்ளோ தூக்குங்க. வலிச்சா நிறுத்திடுங்க" என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். ஓரிடத்தில் நின்றுவிட்டது. முகத்தைச் சுளித்தாள். யூசுப் பாய் கீழே குந்தி, டேப்பைத் தரையில் ஊன்றி, அவள் பாதம் நின்ற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். வண்டியின் தளம் அந்தக் கட்டைவிரலுக்கு அரைச் சாண் மேலே இருந்தது.

"நீ எவ்ளோ ஏத்தினயோ அவ்ளோதான் அண்ணி காலுக்கு எட்டல, பாருணே. இந்த வண்டிக்கு உயரம் இதான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நாள் முழுக்க அரை மில்லியைத் தேடிப் பிழைக்கிறவன் நான். பாறைக்கும் வண்டிக்கும் நடுவே அளந்தேன், பள்ளத்துக்கும் பம்பருக்கும் நடுவே அளந்தேன். இதை அளக்கவில்லை. சுள்ளென்று உறைத்தது. உறைத்த கையோடு கோபம் வந்தது. "எங்க ஊட்டு விசயம் எங்களுக்குத் தெரியும். நீ உன் வேலயப் பாத்துக்கினு போ பாய்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். மும்தாஜ் செருப்பை மாட்டிக்கொண்டார். "வரோம் அண்ணி" என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த இறால் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

சோறு போடும்போதுதான் கஸ்தூரி வாயைத் திறந்தாள். "ஏற முடியலன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீங்க அவ்ளோ ஆசையா செஞ்சத நான் எப்டி வோணாம்னு சொல்றது? ஆனா அவரு கேட்டத இந்த நாலு மாசத்துல நீங்க ஒரு நாளு கேட்டீங்களா?" என்றாள். நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். அவளும் அன்று சாப்பிடவில்லை.

மூன்று வாரம் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஆலைக்குள் சுற்றினேன். அவரோ எப்போதும்போல, "இன்னா நைனா, நல்லாகீறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, "பாய், அந்த வளையத்தையெல்லாம் கழட்டணும்" என்றேன். "ஞாயித்துக்கெழம வரேன்" என்றார். நான்தான் அன்றே சொன்னேனே என்று ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

அந்த ஞாயிறு முழுக்க இரண்டு பேரும் கழற்றினோம். பழைய சக்கரங்களை மாட்டினோம். எட்டு மில்லி பம்பர் இப்போது என் வீட்டு வாசல் சாக்கடைக்கு மூடியாகக் கிடக்கிறது, நல்ல உறுதி. எல்லாம் முடிந்த பிறகு அவர் பையிலிருந்து ஒரு கைப்பிடியையும் மடக்குகிற படி ஒன்றையும் எடுத்தார். கைப்பிடியை உள்பக்கம் எந்த உயரத்தில் வைப்பது என்று கஸ்தூரியை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவள் வலிக்காமல் ஏறி உட்கார்ந்ததும், "இதாண்ணே நீ செஞ்ச மொத மாடிஃபிகேஷன்" என்றார். செய்தது அவர், பேர் எனக்கு. மன்னித்துக்கொள் பாய் என்று சொல்ல அன்று வாய்வரை வந்தது. சாயந்தரம் டீயோடு சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டரை வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கஸ்தூரியும் நானும் மும்தாஜைப் பார்க்கப் போனோம். "அன்னிக்குக் கத்தினதுக்கு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

"அவரு அத மனசுலயே வெக்கலண்ணே. அன்னிக்கு வீட்டுக்கு வரும்போதே, தாமு அண்ணனுக்கு நல்லா உறைச்சுடுச்சு, எறக்கிடுவாரு பாருன்னுதான் சொல்லிக்கினு வந்தாரு" என்றார் மும்தாஜ். பிறகு, "அவரும் ஒரு காலத்துல வண்டியத் தூக்கினவருதான், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"உங்கள மாரியேதான், பெரிய டயரு, பம்பரு எல்லாம். அப்ப மாமாவுக்கு, இவரப் பெத்தவருக்கு, காலு ரெண்டும் வீங்கிப்போயி, வாரத்துல ரெண்டு தபா ஆஸ்பத்திரி போவணும். வாசல்ல அவ்ளோ பெரிய வண்டி நிக்குது, மாமாவால ஏற முடியல. ஆட்டோ வெச்சுத்தான் கூட்டிக்கினு போனோம். மாமா ஒரு நாளு ஒரு வார்த்த சொல்லல. அவரு மவுத்தாயி அடக்கம் பண்ண அப்பாலதான் இவரு வண்டிய எறக்கினாரு. அதுலேர்ந்து அதுல ஒரு ஸ்க்ரூகூட மாத்தினதில்ல."

எல்லோருக்கும் ஒரு வருடம் அப்படியே ஓட்டு என்று சொன்ன மனிதர், ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வண்டியின் எண்ணெய்க் கறை இருக்கையை அன்று அவர் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது எதற்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் வண்டியை நம் செலவில் உயர்த்தி, பேரெழுதி, அவர் நினைவாக வைக்கலாம் என்று உங்களில் சிலர் குழுவில் எழுதியிருந்தீர்கள். ஆசையாகத்தான் சொன்னீர்கள். வேண்டாம். மும்தாஜ் அதை ஓட்டப் பழகப் போகிறார். அது இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும்.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை, கேட்டு வாங்கவும் மனம் வரவில்லை. இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கஸ்தூரி தானாகவே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். எனக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், எட்டிக் கையை நீட்டி ஹார்னை அடிக்கிறாள். தெருவே எட்டிப் பார்க்கிறது. யூசுப் எனக்கு விட்டுப்போனது அந்தச் சத்தம்தான். சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டு முடித்த பிறகும் நான் உடனே வெளியே போவதில்லை. இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று உள்ளேயே நிற்கிறேன்.